ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து உங்கள் உடம்பிலேயே இருக்கிறது

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 51. 23 வயதில் தொடங்கிய சிகரெட் பழக்கம் 28 ஆண்டுகளாக விடவில்லை. ஒரு காலத்தில் நாளுக்கு 20 வரை போனது. இப்போது 4 அல்லது 5தான். சென்ற மாதம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஈசிஜி, ரத்தம் உறையும் நேரம் எல்லாமே சரியாக இருக்கின்றன. ஆனால் ஆறு மாதம் முன்பு என் அண்ணனுக்கு, 54 வயதில், மாரடைப்பு வந்தது. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். அவரும் புகைப்பவர். 'சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஊசி நன்றாகக் கேட்கும்' என்று அப்போது யாரோ சொன்னார்களாம். நான் படித்ததோ வேறு: நீண்ட காலம் புகைத்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் சக்தியே உடம்பைவிட்டுப் போய்விடும் என்கிறார்கள். எது உண்மை? தினமும் ஓர் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதாதா? இப்போது விட்டால் போன சக்தி திரும்புமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

நண்பருக்கு வணக்கம். அண்ணன் பிழைத்து வீடு திரும்பியது பெரிய ஆறுதல். உங்கள் கேள்விகளுக்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்ணனுக்குப் போட்ட ஊசியிலிருந்தே தொடங்கலாம்.

எந்த ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற பழைய மருந்தாக இருக்கலாம். அது ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுப்பது. ஆல்டிபிளேஸ் அல்லது டெனெக்டிபிளேஸாகவும் இருக்கலாம். இந்த ஆல்டிபிளேஸின் கதை எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். அது எங்கோ ஆய்வகத்தில் புதிதாக உருவாக்கிய ரசாயனம் அல்ல. உங்கள் உடம்பும் என் உடம்பும் ஒவ்வொரு நாளும் தயாரிக்கும் ஒரு புரதம். டிபிஏ என்று சுருக்கமாகச் சொல்வோம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டெசிரே கோலன் குழுவினர் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். பிறகு மரபணுத் தொழில்நுட்பத்தால் அதைப் பெருமளவில் தயாரிக்க வழி கிடைத்தது. 1987இல் மாரடைப்புக்கும், 1996இல் பக்கவாதத்துக்கும் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். அவசரப் பிரிவில் நாங்கள் ஊசியில் ஏற்றும் இந்த மருந்து நம் ஒவ்வொருவரின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் முன்பே இருப்பு வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் படித்த விஷயம் அந்த இருப்பைப் பற்றியதுதான்.

ரத்தக்குழாயின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு மெல்லிய படலம் ஓடுகிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். உட்படலம் என்றே இங்கே சொல்கிறேன். இதை வெறும் பூச்சு என்று நினைத்துவிடக் கூடாது. குழாய் விரிவது, சுருங்குவது, ரத்தம் உறைவது, உறைந்தது கரைவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. இந்தச் செல்களுக்குள் நுண்ணிய பைகளில் டிபிஏ தயாராக இருக்கும். அருகில் ரத்தம் உறையத் தொடங்கினால் அந்தச் செய்தி உட்படலத்துக்கு எட்டுகிறது, பைகள் திறக்கின்றன, சில நிமிடங்களுக்குள் டிபிஏ அங்கேயே கொட்டுகிறது.

ரத்தக்கட்டு என்பது ஃபைப்ரின் என்ற புரத நூல்களால் பின்னிய வலை. சிவப்பணுக்களும் தட்டணுக்களும் அதில் சிக்கிக்கொண்டிருக்கும். வலை பின்னும்போதே பிளாஸ்மினோஜன் என்ற இன்னொரு புரதமும் இழைகளுக்குள் மாட்டிக்கொள்கிறது. அது உறக்கத்தில் இருக்கும் கத்தரிக்கோல் மாதிரி. டிபிஏ வந்து தொட்டால் விழித்துக்கொண்டு பிளாஸ்மினாக மாறி ஃபைப்ரின் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கும். இதில் ஓர் அழகு உண்டு. டிபிஏ வெறும் ரத்தத்தில் மிதக்கும்போது ஏறக்குறைய சும்மாதான் இருக்கும். ஃபைப்ரின் இழையின் மேல் உட்கார்ந்தால்தான் வேகம் பிடிக்கும். எங்கே கட்டு இருக்கிறதோ அங்கே மட்டும் வெட்டு. அதுவும் கட்டுக்கு அருகிலேயே சுரந்து அங்கேயே வேலை பார்க்கிறது. அதனால்தான் விரலில் காயம் பட்ட இடத்தில் உறைந்திருப்பது அப்படியே இருக்க, இதயக் குழாயில் உறைந்தது மட்டும் கரைய முடிகிறது.

டிபிஏவை அடக்கி வைக்கவும் ஆள் உண்டு. பிஏஐ-1 என்ற புரதம் அதைப் பிடித்துப் பூட்டிவிடும். ரத்தத்தில் வெளியான டிபிஏவின் ஆயுள் மிகக் குறைவு. சுமார் 5 நிமிடத்தில் பாதி போய்விடும். ஆகவே டிபிஏ எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு விரைவாக வருகிறது என்பதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது. கட்டு உருவாகிக்கொண்டிருக்கும்போதே வந்தால் வலைக்குள் புகுந்து உள்ளிருந்தே வெட்டும். வலை பின்னி முடிந்து இறுகிய பிறகு வந்தால் மேற்பரப்பைத்தான் சுரண்ட முடியும். இந்த வேக விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட் கை வைப்பது இங்கேதான்.

மாரடைப்பு என்றதும் பலர் மனதில் வருவது கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து குழாய் அடைபடும் காட்சி. பெரும்பாலும் நடப்பது வேறு. குழாய்ச் சுவரில் உள்ள கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது, அல்லது அதன் மேல்தோல் உரிகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. திட்டு அதற்கு முன் குழாயில் பாதியைக்கூட அடைத்திருக்க வேண்டியதில்லை. இப்படி வெடித்து, கட்டு உண்டாகி, தானே கரைந்து, ஆளுக்குத் தெரியாமலேயே ஆறிப்போன தழும்புகளைப் பிரேதப் பரிசோதனைகளில் நிறையவே காண்கிறார்கள். திட்டு வெடித்த எல்லோருக்கும் மாரடைப்பு வருவதில்லை. உறைதல் ஒரு பக்கம், கரைதல் இன்னொரு பக்கம் என்று அந்தச் சில நிமிடங்களில் நடக்கும் ஓட்டத்தில் எது முந்துகிறது என்பதே முடிவு செய்கிறது.

இந்த ஓட்டத்தில் புகை என்ன செய்கிறது? ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டேவிட் நியூபி குழுவினர் 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புகைப்பவர்கள், புகைக்காதவர்கள் என இரண்டு குழுக்களை எடுத்துக்கொண்டார்கள். கை ரத்தநாளத்தில் மெல்லிய ஊசி வைத்து, உட்படலத்தைத் தூண்டும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளைச் செலுத்தி, அந்தக் கையிலிருந்து எவ்வளவு டிபிஏ வெளியே வருகிறது என்று அளந்தார்கள். புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் புகைப்பவர்களின் கையில் வந்தது ஏறக்குறைய பாதிதான். கை சரி, இதயத்தில் எப்படி என்று நீங்கள் கேட்கலாம். 2001இல் அதே குழு இதயத்தின் ரத்தக்குழாய்களிலேயே இதை அளந்தது. கொழுப்புத் திட்டு அதிகமாக இருந்தவர்களிடமும் புகைப்பவர்களிடமும் டிபிஏ வெளிவருவது அங்கேயும் குறைந்திருந்தது.

ஆக, 'சக்தியே போய்விடும்' என்று நீங்கள் படித்தது கொஞ்சம் மிகை. சக்தி முற்றிலும் போவதில்லை. கூப்பிட்டால் உடனே வரவேண்டியது தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. ஆனால் மேலே சொன்ன கணக்கில் பார்த்தால், இதயக் குழாயில் அந்தத் தாமதத்தின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஏன் தாமதம்? புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள ஆக்சிஜனேற்றப் பொருள்கள் உட்படலச் செல்களை நேரடியாகத் தாக்குகின்றன. இந்தச் செல்கள் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு குழாயைத் தளர்த்தி வைக்கும், தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும். புகை அதை அழித்துவிடுகிறது. அடிபட்ட உட்படலம் தூண்டுதலுக்கு மந்தமாகவே பதில் சொல்கிறது.

கரைக்கும் பக்கம் மெலிந்தது போதாதென்று கட்டும் வலுவாகிறது. புகைப்பவர்களின் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் கூடுதலாக இருக்கும். வலை நூலுக்கான மூலப்பொருள் அதுதான். அவர்களிடம் உருவாகும் வலை மெல்லிய இழைகளால் நெருக்கமாகப் பின்னியதாக இருக்கும். தடித்த நூலால் தளர்வாகப் பின்னிய வலையை வெட்டுவதும், மெல்லிய நூலால் அடர்த்தியாகப் பின்னியதை வெட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவது கரைய அதிக நேரம் எடுக்கும். தட்டணுக்களும் எளிதில் தூண்டப்பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு டிபிஏவைப் பூட்டும் பிஏஐ-1ஐயும் அவை தங்களுக்குள் சுமந்துகொண்டு வந்து கட்டுக்குள் கொட்டுகின்றன. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும், ரத்தம் கெட்டிப்படும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விஷயம் ஒருபக்கமாகிவிடும். இந்தப் பாதிப்பு முக்கியமாகத் தமனிகளில்தான், அதாவது மாரடைப்பு, பக்கவாதம், கால் தமனி அடைப்பு ஆகியவற்றில். காலின் சிரைகளில் உண்டாகும் ரத்தக்கட்டுக்கும் புகை ஓரளவு காரணமாகிறது என்றாலும் அங்கே அதன் பங்கு சிறியது.

இனி உங்கள் பரிசோதனை முடிவுகள். 'ரத்தம் உறையும் நேரம் சரியாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிம்மதி தரும் செய்திதான், ஆனால் நாம் பேசும் விஷயத்துக்கு அது விடை அல்ல. அந்தப் பரிசோதனையில் உங்கள் ரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கிறார்கள். கண்ணாடிக் குழாயில் உட்படலம் கிடையாது. உறைந்ததைக் கரைக்க உங்கள் ரத்தக்குழாய்ச் சுவர் எவ்வளவு வேகமாக முன்வரும் என்பதை அது சொல்லவே முடியாது. ரத்தத்தில் டிபிஏ அளவைப் பார்த்தாலும் ஏமாந்துதான் போவோம்: சாதாரண நேரத்தில் புகைப்பவர்களின் ரத்தத்தில் அது இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோகூட இருக்கும், பிஏஐ-1உடன் பிணைந்து வேலைக்கு உதவாத நிலையில். குறை தெரிவது நெருக்கடி நேரத்தில் மட்டுமே. ஈசிஜி எடுத்த நிமிடத்தில் இதயம் எப்படி இருந்தது என்பதைத்தான் ஈசிஜி சொல்லும். ஆகவே 'எல்லாம் நார்மல்' என்ற தாளை வைத்துக்கொண்டு சிகரெட்டுக்கு அனுமதி கிடைத்ததாக எண்ணிவிடாதீர்கள். இப்படி எண்ணியிருந்தவர்களை அவசரப் பிரிவில் சந்தித்திருக்கிறேன்; சட்டைப் பையில் அந்தத் தாளோடே வந்தவரும் உண்டு.

புகைப்பவர்களுக்கு ஊசி நன்றாகக் கேட்கும் என்று அண்ணனிடம் சொன்ன விஷயம் வெறும் வதந்தி அல்ல, அரைகுறை உண்மை. கரைக்கும் ஊசி போட்ட மாரடைப்பு நோயாளிகளில் புகைப்பவர்களின் இறப்பு விகிதம் குறைவாக இருப்பதை மருத்துவர்கள் உண்மையாகவே கவனித்தார்கள். அதற்குப் புகைப்பவர் முரண் என்று பெயரும் வைத்தார்கள். 1993இல் வெளியான, 41,000 நோயாளிகள் பங்கேற்ற கஸ்டோ ஆய்விலும் இது தெரிந்தது. உள்ளே நுழைந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அந்த ஆய்வில் மாரடைப்போடு வந்த புகைப்பவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் இளையவர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவையும் அவர்களிடம் குறைவு. 55 வயதில் வரும் மாரடைப்பைத் தாங்கும் உடம்பு 66 வயதில் தாங்குவதில்லை. வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்ததும் அந்த நன்மையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. புகைப்பவரின் அடைப்பில் கொழுப்பைவிட ஃபைப்ரின் கட்டின் பங்கு அதிகம் என்பதால் வெளியிலிருந்து பெரிய அளவில் ஏற்றும் மருந்துக்கு அது சில நேரம் இணங்கிவிடுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் நன்றாக யோசியுங்கள். உட்படலம் தன் சொந்த மருந்தைச் சரியான நேரத்தில் தராததால்தானே அந்த ஊசியே தேவைப்பட்டது? பத்து ஆண்டு முன்னதாக மாரடைப்பை வரவழைத்துக்கொண்டு, ஊசி நன்றாகக் கேட்கும் என்று சொல்வதில் என்ன ஆறுதல் இருக்கிறது? மருத்துவமனை வரும் முன்பே உயிர் போனவர்கள் இந்தக் கணக்குகள் எதிலும் வருவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊசிக்கும் விலை உண்டு. உடம்பு தானாகச் சுரக்கும் டிபிஏ கட்டு இருக்கும் இடத்தில் மட்டும் வேலை பார்க்கிறது. நாங்கள் அதைவிடப் பல மடங்கு ஏற்ற வேண்டியிருப்பதால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம்.

ஆஸ்பிரின் விஷயத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. நீங்கள் மட்டும் அல்ல, நிறையப் பேர் அது ரத்தக்கட்டைக் கரைக்கும் என்றே நம்புகிறார்கள். ஆஸ்பிரின் எதையும் கரைக்காது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். ஹெப்பாரின், வார்ஃபரின் போன்ற, 'ரத்தத்தை நீர்க்கச் செய்யும்' என்று பேச்சுவழக்கில் சொல்லும் மருந்துகளும் அப்படித்தான். அவை கட்டு மேலும் வளராமல் தடுத்துக்கொண்டிருக்கும்; ஏற்கெனவே இருக்கும் கட்டைக் கரைப்பது உங்கள் உடம்பின் டிபிஏவும் பிளாஸ்மினும்தான். உட்படலத்தைச் சேதப்படுத்திக்கொண்டே ஆஸ்பிரின் விழுங்குவது கட்டைக் கரைக்கும் வேலைக்காரனின் கையைக் கட்டிவிட்டு, அவன் அகற்ற வேண்டிய சாமான்களை மட்டும் கொஞ்சம் குறைப்பது போல.

மேலும், இதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள் தினமும் ஆஸ்பிரின் எடுப்பது நல்லதா என்று பார்த்த மூன்று பெரிய ஆய்வுகள் 2018இல் வெளியாயின. கிடைக்கும் பலனை ரத்தக்கசிவின் தீங்கு பெரும்பாலும் தின்றுவிடுகிறது என்பதே அவற்றின் சாரம். எனவே மருத்துவர் உங்களைப் பார்த்து முடிவு செய்யாமல் நீங்களாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம். அண்ணனின் நிலை வேறு. அவருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்துவிட்டது. அவருக்கு எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினையும் மற்ற மாத்திரைகளையும் ஒருநாள்கூட அவர் தானாக நிறுத்தக் கூடாது. இந்தக் கடிதத்தை அவரும் படித்தால் இந்த வரியை அவருக்காகவே எழுதியதாக எடுத்துக்கொள்ளட்டும்.

இருபதிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் முயற்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் ரத்தக்குழாய் உங்களைப் போலக் கணக்குப் பார்ப்பதில்லை. சிகரெட் கால்வாசி ஆனால் ஆபத்தும் கால்வாசி ஆகும் என்று தோன்றும். நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். இதயத்தில் பொருந்தாது. 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும்கூட, 20 பிடிப்பவருக்கு உள்ள கூடுதல் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருந்தது. உட்படலமும் தட்டணுக்களும் கொஞ்சம் புகைக்கே முழுவீச்சில் சீண்டப்பட்டுவிடுகின்றன. அதற்கு மேல் போகும் புகை சற்றுத்தான் கூட்டுகிறது. குறைத்தது விடுவதற்கான படிக்கட்டு என்றால் நல்லது. அதையே வீடாக ஆக்கிக்கொண்டால் பாதுகாப்பு கிடைக்காது.

அந்த ஐந்தில் எது முதல் சிகரெட், எழுந்த உடனேயா? பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். பிஏஐ-1 ஒரு நாளில் ஏறி இறங்கும். உச்சத்தில் இருப்பது அதிகாலையில். அதாவது கரைக்கும் சக்தி எல்லோருக்குமே காலையில்தான் மிகவும் தளர்ந்திருக்கிறது. மாரடைப்புகளும் காலை 6 மணியிலிருந்து நண்பகல் வரையில்தான் அதிகம் வருகின்றன. அந்த நேரத்தில் முதல் புகையை இழுப்பதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது நான் பார்த்த ஒருவரை இன்னும் மறக்க முடியவில்லை. நாற்பதுகளின் கடைசியில் இருந்தார். கரைக்கும் ஊசி போட்டு முக்கால் மணி நேரத்தில் வலி போய், ஈசிஜியில் ஏறியிருந்த கோடு இறங்கி, கண்ணெதிரே முகம் தெளிந்தது. எங்களுக்கெல்லாம் அன்று பெரிய மகிழ்ச்சி. மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாமல் மாடிப்படிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்திருக்கிறார். அன்று மாலை அதே குழாய் மறுபடி அடைத்தது. அந்த ஒரு சிகரெட்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் படுக்கையருகில் அவர் மனைவி நின்றிருந்த நிலை அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல என்னை விட்டதில்லை. நிறுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன்.

போன சக்தி திரும்புமா? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் நல்ல செய்தி நிறைய இருக்கிறது. விட்ட ஒரு நாளுக்குள் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும். சில வாரங்களிலேயே தட்டணுக்களின் ஒட்டும் குணம் தணிகிறது, ஃபைப்ரினோஜன் இறங்கத் தொடங்குகிறது. வலைக்கு நூல் குறைகிறது. மாதங்கள் போகப் போக உட்படலம் ஆறுகிறது. ஓராண்டு விட்டிருந்தவர்களிடம் ரத்தக்குழாய் விரியும் திறன் கூடியிருப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஓராண்டில் இதயநோயின் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. பக்கவாத ஆபத்து 5 முதல் 15 ஆண்டுகளில் புகைக்காதவரின் அளவுக்கு இறங்குகிறது. கொழுப்புத் திட்டு கரைய ஆண்டுகள் ஆகும், சில இடங்களில் கரையவே கரையாது. அப்படியிருந்தும் ஆபத்து இவ்வளவு விரைவாக இறங்குகிறது என்றால் மாறியது உறைதல்–கரைதல் சமநிலைதான் என்று புரிந்துகொள்ளலாம்.

51 வயதில் இதெல்லாம் தாமதம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 50 வயதில் விட்டவர்கள் அதில் சுமார் 6 ஆண்டுகளையும், 60 வயதில் விட்டவர்கள் சுமார் 3 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். உங்கள் வயது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

அண்ணனுக்கும் இது பொருந்தும். மாரடைப்புக்குப் பிறகு புகையை விட்டவர்களின் இறப்பு ஆபத்து, தொடர்ந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அவர் இன்னும் விடவில்லை என்றால் இருவரும் ஒரே நாளில் தொடங்குங்கள். துணை இருந்தால் முதல் வாரம் எளிது. உங்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று: உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு என்றால் உங்கள் ஆபத்தும் கூடுதல் என்றுதான் நாங்கள் கணக்கில் கொள்வோம். அந்தத் தகவலை உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடம் சொன்னீர்களா என்று தெரியவில்லை, சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் எண் 'நார்மல்' என்றாலும் உங்களுக்கு அது போதுமானதா என்பதை அவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

விடுவது எப்படி? மனவுறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 28 ஆண்டுப் பழக்கம் மூளையின் அமைப்போடு கலந்துவிட்ட ஒன்று. உதவி கேட்பதில் குறைவு எதுவும் இல்லை. நிக்கோட்டின் பட்டையும் அதோடு நிக்கோட்டின் சூயிங்கமும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். 'நிக்கோட்டினும் விஷம்தானே' என்று அண்ணன் தயங்கலாம். உட்படலத்தைப் பெருமளவில் சிதைப்பது எரிந்து வரும் புகை. நிலையான இதயநோய் உள்ளவர்களும் நிக்கோட்டின் பட்டையைப் பயன்படுத்தலாம். சிகரெட்டோடு ஒப்பிட அது மிகவும் பாதுகாப்பானது. வாரெனிக்ளின் என்ற மாத்திரையும் இருக்கிறது. நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் எடுப்பது வழக்கம். குமட்டலும் தெளிவான கனவுகளும் வரலாம். சிறுநீரகத்தைப் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பதால் மருத்துவர் எழுதிக்கொடுத்தே எடுங்கள்.

முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் வரும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். புகைக்க வேண்டும் என்ற துடிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்தச் சில நிமிடம் எழுந்து நடந்துவிடுங்கள். நடக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொடர்ந்து வேகநடை பழகும் நடுத்தர வயதினரிடம் டிபிஏ வெளிவரும் திறன் மேம்படுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகையை விட்டவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ எடை கூடுவதுண்டு. வயிற்றுக் கொழுப்பு பிஏஐ-1ஐக் கூட்டும் என்பதால் அந்த வகையிலும் நடை உதவும். எடை கூடும் என்ற பயத்தில் சிகரெட்டைத் தொடர்வது மட்டும் வேண்டாம். சில கிலோ எடை செய்யும் தீங்கு, விட்டதால் வரும் நன்மைக்கு அருகில்கூட வராது. ரத்தக்கட்டைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்யும் துணைமருந்துகளை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 35 வயதைத் தாண்டிய, புகைக்கும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை எடுக்கக் கூடாது. மாற்று வழிகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் புகையை விடும்போது மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்; மருந்தின் அளவை மாற்ற நேரிடலாம்.

கடைசியாக, நண்பரே, நீங்கள் விட்ட பிறகும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் வாயுப்பிடிப்பு என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் அதே அவசரம்தான். பக்கவாதத்தில் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்வரைதான் இடம். மாரடைப்பில் 12 மணி நேரம்வரை என்றாலும் முதல் ஓரிரு மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை. நீங்களே வண்டி ஓட்டிப் போகாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நிறுத்தும் தேதியை இந்த வாரத்துக்குள் குறித்துக்கொண்டு, அண்ணனையும் அழைத்துக்கொண்டு, ஒரு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள். இடையில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டிருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். அங்கிருந்து எப்படித் தொடர்வது என்று பார்ப்போம்.